முழு அளவு பிக்கப்பில் ஹைபிரிட்: மைலேஜுக்கா, வேலைக்கா?

கேள்வி இது: "டெக்சஸில் இருக்கிறோம். வாரநாட்களில் வேலைக்குப் போய்வரவும், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை 3,000 கிலோ கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகவும் ஒரு பெரிய பிக்கப் வாங்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150, டொயோட்டா டண்ட்ரா இரண்டிலும் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும்) கிடைக்கிறது. இவ்வளவு கனமான வண்டியில் ஹைபிரிட் உண்மையிலேயே வேலை செய்யுமா? டொயோட்டாவின் ஹைபிரிட் கார் பிரியஸ் வந்து இத்தனை வருடம் ஆகியும் டிரக்குக்கு ஏன் இவ்வளவு தாமதம்?"

வேலை செய்யும். ஆனால் எந்த இடத்தில் செய்யும், எந்த இடத்தில் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தாமதத்துக்கும் காரணம் உண்டு. டிரக் வாங்குபவர் வண்டியிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை நிறுவனங்கள் சரியாகப் பிடிக்கவே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதை தெரிந்தால் இன்று கடையில் நிற்கும் இரண்டு வண்டிகளில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் தெளிவாகிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இந்த வகை டிரக் ஒன்று ஏறக்குறைய 2,600 கிலோ இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவு தெரியுமா? வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சாதாரண வண்டியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் அது பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. ஹைபிரிட்டில் மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதைப் பேட்டரியில் சேர்க்கும். எஃப்-150 ஹைபிரிட்டில் இருக்கும் பேட்டரி ஒன்றரை யூனிட். கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும், ஆனால் நகரத்தில் நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு இது தாராளம். சேமிக்க வேண்டியதே ஒரு முறைக்கு 0.1 யூனிட்தானே.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அந்த வண்டியின் மோட்டார் 35 கிலோவாட். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து விநாடி எடுத்து நிதானமாக நிறுத்தினால், வெளியேற வேண்டிய சக்தி சராசரியாக 36 கிலோவாட் வருகிறது. அதாவது கிட்டத்தட்ட முழுவதையும் மோட்டாரே வாங்கிக்கொள்ள முடியும். ஐந்து விநாடியில் அழுத்திப் பிடித்து நிறுத்தினால் பாதிக்குப் பாதி மறுபடியும் பிரேக்குக்கே போய்விடும். ஹைபிரிட் டிரக் வாங்கியும் மைலேஜ் வரவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பிரேக் பழக்கத்தைப் பற்றித்தான்.

இதற்கு நேர் எதிரான நிலைமை மலை ஏற்றம். உங்கள் 3,000 கிலோ கேம்பரும் டிரக்கும் சேர்ந்து 5,600 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில் 10 கிலோமீட்டர், மணிக்கு 90 வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்குத் தூக்க 9 யூனிட், டிரெய்லரின் முகத்தில் மோதும் காற்றையும் டயர் உராய்வையும் தாண்ட இன்னொரு 4 யூனிட், ஆக மொத்தம் 13 யூனிட் வேண்டும். ஒன்றரை யூனிட் பேட்டரி இதில் எம்மாத்திரம்? மோட்டார் முழுப் பலத்தோடு உதவினால் பேட்டரி இரண்டரை நிமிடம்கூடத் தாங்காது. ஏற்றமோ ஆறேழு நிமிடம் நீளும். மிச்ச தூரமெல்லாம் எஞ்சின்தான் இழுக்க வேண்டும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் இடம் டிரக் சோதனைகளுக்குப் பேர்போனது. ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரம், காற்றே மெலிந்திருக்கும். அங்கே வண்டியைக் காப்பாற்றுவது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின். பேட்டரியின் பங்கு ஆரம்பத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். இறங்கும்போதும் அதே கதை. ஒன்றிரண்டு நிமிடத்தில் பேட்டரி நிரம்பிவிடும், அப்புறம் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க வேண்டியதுதான்.

எனவே நகரத்தில் ஹைபிரிட் நன்றாக உழைக்கும். சமதள நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் லாபம் கொஞ்சம். கனமான டிரெய்லரோடு நெடுந்தூரம் போனால் மைலேஜில் சாதாரண டர்போ டிரக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இழுக்கும்போது கிடைக்கும் நன்மை வேறு வகையானது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டர்போ சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மின்மோட்டார் முதல் சுற்றிலேயே முழு டார்க்கை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையை, கொடுத்துவிடும். படகு இறக்கும் சரிவில் ஈரத்தில் நிற்கும் டிரெய்லரைக் கிளப்பும்போது, முகாமில் பின்னோக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன்.

ஹைபிரிட் பிக்கப் 2021இல் திடீரென்று வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் முயற்சி 2004ஆம் ஆண்டு மாடலிலேயே நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா டிரக்குகளில் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் 14 கிலோவாட் மோட்டார்-ஜெனரேட்டர் ஒன்றை வைத்தது. பின் இருக்கைக்கு அடியில் 42 வோல்ட் அமைப்புக்கான ஈய-அமில பேட்டரிகள். வண்டி நின்றால் எஞ்சின் அணையும், பிரேக் விட்டால் உடனே கிளம்பும். மின்சாரத்தில் மட்டும் ஓடாது. எரிபொருள் சேமிப்பு பத்து சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் அதில் ஓர் அருமையான சங்கதி இருந்தது. கேபினிலும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியிலுமாக நான்கு 120 வோல்ட் பிளக் பாயிண்ட், மொத்தம் 2.4 கிலோவாட். கட்டுமான இடத்தில் ரம்பம், துளையிடும் இயந்திரம், கம்ப்ரெசர் எல்லாவற்றையும் டிரக்கிலிருந்தே ஓட்டலாம். டாட்ஜும் ஏறக்குறைய அதே காலத்தில் கம்மின்ஸ் டீசல் எஞ்சினோடு தன் ராம் டிரக்கின் ஹைபிரிட் வடிவத்தை அறிவித்தது. அதன் பெயரே கான்ட்ராக்டர் ஸ்பெஷல். அது பொதுமக்கள் கைக்கு வரவே இல்லை.

இந்த முதல் தலைமுறை சரியான வாசலைத் தட்டியது என்றே நான் நினைக்கிறேன். டிரக்கை வேலைக் கருவியாகப் பார்த்து, அதன் கையில் இன்னொரு வேலையைக் கொடுத்தார்கள். ஆனால் சில மாநிலங்களில் மட்டும், குறைந்த எண்ணிக்கையில் விற்றார்கள். டிரக்கின் பலத்தையும் அது கூட்டவில்லை. பார்த்துப் பொறாமைப்பட அதில் ஒன்றும் இல்லை. சத்தமில்லாமல் முடிந்துபோனது.

அடுத்து வந்ததுதான் உண்மையான பாடம். 2009 மாடல் முதல் 2013 வரை விற்ற சில்வராடோ, சியரா டூ-மோட் ஹைபிரிட். பொறியியல் கண்ணோடு பார்த்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கும். சியாட்டில் நகரப் பேருந்துகளில் ஓடிய அலிசன் ஹைபிரிட் அமைப்பின் வாரிசு அது. ஜெனரல் மோட்டார்ஸும் டெய்ம்லர்கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து அதைக் கார்களுக்கும் டிரக்குகளுக்கும் ஏற்றபடி சுருக்கினார்கள். சாதாரண கியர்பாக்ஸ் இருக்கும் அதே இடத்துக்குள் 60 கிலோவாட் மோட்டார் இரண்டு, கூடவே நான்கு நிலையான கியர் விகிதங்கள். மெதுவான ஓட்டத்துக்கு ஒரு முறை, வேகமான ஓட்டத்துக்கும் இழுவைக்கும் இன்னொரு முறை. அதனால்தான் டூ-மோட் என்று பெயர். 300 வோல்ட் நிக்கல் பேட்டரி, 332 குதிரைத்திறன் கொண்ட 6 லிட்டர் வி8. எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கு 48 கிலோமீட்டர் வரை மின்சாரத்திலேயே நழுவிப் போகும். இதே அமைப்பில் வந்த டஹோ எஸ்யுவியின் நகர மைலேஜ் அந்தக் காலத்து நான்கு சிலிண்டர் கேம்ரிக்குச் சமம் என்று விளம்பரமே செய்தார்கள், அது உண்மையும்கூட. லிட்டருக்கு 9 கிலோமீட்டர். வி8 டிரக் நகரத்தில் அவ்வளவு கொடுத்ததே சாதனை.

ஆனாலும் யாரும் வாங்கவில்லை. காரணம் ஸ்டிக்கரிலேயே இருந்தது. அந்த ஹைபிரிட் சில்வராடோ அதிகபட்சமாக இழுக்கக்கூடியது 6,100 பவுண்டு, அதாவது 2,770 கிலோ. பக்கத்தில் நின்ற சாதாரண சில்வராடோவைச் சரியான உபகரணங்களோடு வாங்கினால் 4,500 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஹைபிரிட்டுக்கு விலையும் அதிகம். நான்கு கதவுக் கேபின், குட்டைத் தொட்டி என்று ஒரே வடிவம். கூடுதல் பணம் கொடுத்து, குறைவாக வேலை செய்யும் டிரக்கை வாங்கச் சொன்னார்கள். டிரக் வாங்குபவர்களில் பலர் வருடத்துக்கு நாலு நாள்கூடக் கனமாக எதையும் இழுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நாலு நாளுக்காகத்தான் அவர்கள் காரை விட்டுவிட்டு டிரக் வாங்குகிறார்கள். அதைக் குறைத்துவிட்டு மைலேஜைக் கூட்டினால் பேரம் எப்படிப் படியும்? போதாக்குறைக்கு 2008 கடைசியில் பொருளாதாரம் சரிந்தது, பெட்ரோல் விலையும் கூடவே விழுந்தது, 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டது. கூட்டாளியான கிரைஸ்லரோ இதே அமைப்பில் இரண்டு எஸ்யுவிகளை 2008இல் தொடங்கிச் சில மாதங்களிலேயே தொழிற்சாலையோடு சேர்த்து மூடிவிட்டது. அவ்வளவு நல்ல கியர்பாக்ஸ் தப்பான வண்டியில் மாட்டிக்கொண்டதே என்று எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு.

நடுவில் நடந்ததை விரைவாகத் தாண்டிவிடலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவோடு கிரைஸ்லர் 2011இல் 140 பிளக்-இன் ராம் டிரக்குகளைச் சோதனைக்கு விட்டது. அடுத்த வருடம் சில வண்டிகளில் பேட்டரி சூடேறிப் பழுதானதால் சோதனை வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2016இல் ஜெனரல் மோட்டார்ஸ் கலிபோர்னியாவில் சில நூறு வண்டிகளோடு இ-அசிஸ்ட் என்ற மென் ஹைபிரிட்டை (மோட்டார் எஞ்சினுக்கு உதவி மட்டும் செய்யும் வகை) பரிசோதித்தது. 2019 ராம் 1500இல் வந்த இ-டார்க்தான் முதன்முதலில் பெரிய எண்ணிக்கையில் தெருவுக்கு வந்த அமைப்பு. ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் பெல்ட்டோடு சுழலும் 48 வோல்ட் மோட்டார், அரை யூனிட்டுக்கும் குறைவான பேட்டரி. வி6 எஞ்சினோடு அது இலவசமாகவே வந்தது, 5.7 லிட்டர் ஹெமி வி8க்கு விருப்பத் தேர்வு. கிளம்பும் நொடியில் வி6க்கு 122, வி8க்கு 176 நியூட்டன் மீட்டர் டார்க் சேர்க்கும். அது மின்சாரத்தில் ஓடும் வண்டி கிடையாது. கிளம்பும்போது ஒரு தள்ளு, நிற்கும்போது எஞ்சின் அணைப்பு, கியர் மாற்றத்தில் மென்மை. ஹைபிரிட் என்று சொல்லாமலே ஹைபிரிட்டை டிரக்கர்களுக்குப் பழக்கிவிட்டது அந்த வண்டி.

சரி, ஃபோர்டு. 2017 ஜனவரியிலேயே ஹைபிரிட் எஃப்-150 வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். நன்றாக இழுக்கும், சுமக்கும், கூடவே நடமாடும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் என்று அந்த அறிவிப்பிலேயே சொன்னார்கள். அங்கேயே திசை மாறிவிட்டது. 2020 ஜூனில் காட்டி, 2021 மாடலாக விற்பனைக்கு வந்த பவர்பூஸ்ட் என்ற அந்த ஹைபிரிட்டில் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, பத்து கியர் பெட்டிக்குள் 35 கிலோவாட் மோட்டார், கேபினுக்கு அடியில் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே திரவத்தால் குளிரூட்டப்படும் பேட்டரி. மொத்தம் 430 குதிரைத்திறன், 773 நியூட்டன் மீட்டர். அப்போதைய எஃப்-150 எஞ்சின் வரிசையில் இதுதான் டார்க்கில் முதலிடம். இழுவை 12,700 பவுண்டு, ஏறக்குறைய 5,760 கிலோ. டூ-மோடைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண 3.5 டர்போவில் அதிகபட்சம் 6,350 கிலோ என்பதால் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிலருக்கே பொருட்டு.

பின் தொட்டியில் பிளக் பாயிண்ட். அடிப்படையாக 2.4 கிலோவாட், கூடுதல் பணம் கொடுத்தால் 7.2 கிலோவாட். பெரியதில் நான்கு 120 வோல்ட் பாயிண்டுகளோடு, வெல்டிங் இயந்திரம்கூட ஓட்டக்கூடிய 240 வோல்ட் பாயிண்டும் உண்டு. பேட்டரி இறங்க இறங்க எஞ்சின் தானாகவே எழுந்து நிரப்பிவிட்டு அணைந்துகொள்ளும். 2004இல் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த அதே யோசனை, மூன்று மடங்கு பலத்தோடு.

அது விற்பனைக்கு வந்து சில மாதத்திலேயே, 2021 பிப்ரவரியில், உங்கள் டெக்சஸில் அந்தப் பனிப்புயல் வீசியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. எஃப்-150 வைத்திருந்தவர்கள் நீட்டிப்பு வயரை வீட்டுக்குள் இழுத்து ஹீட்டர், ஃபிரிட்ஜ், விளக்கு ஓட்டினார்கள். ஃபோர்டு நிறுவனமும் கடைகளில் நிற்கும் ஜெனரேட்டர் வசதி கொண்ட டிரக்குகளை மக்களுக்கு இரவல் கொடுக்கும்படி டெக்சஸ் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. எந்த விளம்பரத்தாலும் சொல்ல முடியாததை அந்த ஒரு வாரம் சொல்லிவிட்டது. ஹைபிரிட் என்றால் பெட்ரோலைச் சிக்கனப்படுத்தும் வண்டி என்று நினைத்திருந்தவர்கள், இருட்டில் வீட்டைக் காப்பாற்றும் வண்டியாக அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வரும், ஹைபிரிட்டாக இருந்தாலும் அதேதான். மூடிய கராஜுக்குள்ளோ ஜன்னலுக்கு நேர் கீழேயோ வண்டியை ஓட விடவே கூடாது. அந்தப் புயலில் டெக்சஸில் பலர் வீட்டுக்குள் இப்படி ஏதாவது ஓட்டி விஷவாயுவால்தான் உயிரிழந்தார்கள். இரண்டாவது, வீட்டு மெயின் பேனலோடு டிரக்கை இணைக்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வீட்டை வெளி மின்சாரத்திலிருந்து பிரித்து டிரக்குக்கு மாற்றும் ஸ்விட்ச்) போடுங்கள், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாகக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் டிரக்கின் கசிவுப் பாதுகாப்பு உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். முதல் மின்வெட்டு இரவில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

டொயோட்டா வேறு கணக்குப் போட்டது. 2022 டண்ட்ராவில் பழைய 5.7 லிட்டர் வி8ஐத் தூக்கிவிட்டு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 வைத்தார்கள். அதன் ஹைபிரிட் வடிவம்தான் ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ்: 437 குதிரைத்திறன், 790 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 36 கிலோவாட் மோட்டார், பின் இருக்கைக்கு அடியில் 288 வோல்ட் நிக்கல் பேட்டரி. சான் அன்டோனியோவில், உங்கள் மாநிலத்திலேயே, தயாராகிறது. இதில் ஹைபிரிட் என்பது பலத்துக்காக. இருசக்கர இயக்க மாடலில் ஹைபிரிட் இல்லாத டர்போ வி6 கேலனுக்கு 20 மைல், ஹைபிரிட் 22 மைல். இரண்டு மைல்தான் கூடுதல். பழைய வி8 கொடுத்த 15 மைலோடு ஒப்பிட்டால் பெரிய தாவல்தான், ஆனால் அந்தத் தாவலில் பெரும்பங்கு டர்போ எஞ்சினுக்கும் பத்து கியருக்கும் சேரும். பின் தொட்டி பிளக் பாயிண்டோ வந்தபோது வெறும் 400 வாட். மடிக்கணினி, விளக்கு ஓடும், ரம்பம் ஓடாது. ஃபோர்டு வழி காட்டிய பிறகும் டொயோட்டா இதை ஏன் இவ்வளவு சிறியதாக விட்டது என்பது எனக்கு விளங்கவே இல்லை. நல்ல வாய்ப்பு, விட்டுவிட்டார்கள்.

டண்ட்ரா பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2024இல் டொயோட்டா சுமார் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022, 2023 மாடல்களில் எஞ்சின் கடைசல் வேலையின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்கள் எஞ்சினையே நிறுத்திவிடக்கூடும் என்பது பிரச்சினை. அந்த அழைப்பில் ஹைபிரிட் டண்ட்ரா சேரவில்லை. எஞ்சின் நின்றாலும் மோட்டாரின் பலத்தில் வண்டியைக் கொஞ்ச தூரம் நகர்த்தி ஓரம்கட்ட முடியும் என்பது சொல்லப்பட்ட காரணம். பழைய டண்ட்ரா வாங்க நினைத்தால் அந்த வண்டியின் பழுது வரலாற்றைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள், ஹைபிரிட்டாக இருந்தாலும்.

பணக் கணக்கு. 2021 மாடல் நால்சக்கர இயக்க எஃப்-150இல் சாதாரண 3.5 டர்போ கேலனுக்கு 20 மைல், பவர்பூஸ்ட் 24 மைல். நான்கு மைல்தானா என்று உதடு பிதுக்குவார்கள். ஆனால் 10,000 மைல் ஓட்டினால் முதலாவது 500 கேலன் குடிக்கும், இரண்டாவது 417. மிச்சம் 83 கேலன். இதையே கொரோலாவில் பாருங்கள். சாதாரணக் கொரோலா 35 மைல், ஹைபிரிட் 50. பதினைந்து மைல் தாவியும் 10,000 மைலுக்கு மிச்சம் 86 கேலன்தான். அதிகம் குடிக்கும் வண்டியில் சின்ன முன்னேற்றமே பெரிய சேமிப்பு. எஃப் வரிசை டிரக்குகள் அமெரிக்காவில் வருடத்துக்கு 7 லட்சத்துக்கும் மேல் விற்கின்றன. நாட்டின் எரிபொருள் செலவு குறைய வேண்டும் என்றால் சின்னக் கார்களைவிட இங்கேதான் முதலில் கைவைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டிரக் ஹைபிரிட்டைக் கண்துடைப்பு என்பவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் பைக்கு என்ன மிஞ்சும்? கேலன் 3.50 டாலர் என்றால் 83 கேலன் சுமார் 290 டாலர். ஆரம்பத்தில் 3.5 டர்போவைவிட பவர்பூஸ்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. எரிபொருளில் மட்டும் அதை மீட்க ஏழு வருடம். நல்ல ஜெனரேட்டர் ஒன்றின் விலையைக் கழித்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். 2024 மாடலில் ஃபோர்டு அந்த விலை வித்தியாசத்தையே எடுத்துவிட்டது. விற்கும் எஃப்-150களில் ஐந்தில் ஒன்று ஹைபிரிட்டாக வேண்டும் என்று இலக்கும் வைத்தது. இப்போது கடையில் என்ன விலை சொல்கிறார்கள் என்பதை மாடல் மாடலாகக் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரி ஆயுள் பற்றிப் பயப்பட வேண்டாம். ஃபோர்டு ஹைபிரிட் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல், டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் தருகிறார்கள். என் கவலையெல்லாம் பேட்டரியைவிட இரண்டு டர்போ, பத்து கியர், மோட்டார், இன்வெர்ட்டர் என்று அடுக்கிவைத்த சிக்கலைப் பற்றித்தான். உத்தரவாதம் முடிந்த பிறகு பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுவதாக இருந்தால் அதை யோசிக்க வேண்டும்.

முழு மின்சார டிரக்குக்குக் காத்திருக்கலாமா என்றும் கேட்பீர்கள். எஃப்-150 லைட்னிங் 2022இல் வந்தது, ஓட்ட அருமையான வண்டி. பெரிய கேம்பரை மாட்டினால் அதன் தூரம் பாதியாகக் குறைந்துவிடும். மின்னேற்ற நிலையங்கள் பலவற்றில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். அதனால்தான் காற்று இப்போது வேறு பக்கம் அடிக்கிறது. 2023 நவம்பரில் ராம் நிறுவனம் அறிவித்த ராம்சார்ஜர் டிரக்கில் 92 யூனிட் பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்கள் மட்டும். 3.6 லிட்டர் வி6 சக்கரத்தோடு இணையாமல் 130 கிலோவாட் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும். பேட்டரியில் 145 மைல், எரிபொருளோடு சேர்த்து 690 மைல் என்பது அவர்கள் சொன்ன இலக்கு. தேதி தள்ளிக்கொண்டே போனது. 2025இல் முழு மின்சார ராமைக் கைவிட்டு, அதற்கு வைத்திருந்த ரெவ் என்ற பெயரை இதற்கே சூட்டினார்கள். ஃபோர்டும் 2025 டிசம்பரில் அடுத்த லைட்னிங் இதே வகையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டது. மேலே போட்ட மலைக் கணக்கை இந்த வண்டியில் வைத்துப் பாருங்கள். 13 யூனிட் ஏற்றம் 92 யூனிட் பேட்டரிக்கு ஒரு பொருட்டே இல்லை, இறங்கும்போது திரும்பிவருவதையும் முழுதாக வாங்கிக்கொள்ளும். இழுப்பவர்களுக்கு உண்மையான ஹைபிரிட் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் புதிய அமைப்பின் முதல் வருட வண்டியை, அதுவும் குடும்பத்தோடு மலைக்கு இழுத்துப் போக, நான் வாங்கமாட்டேன்.

உங்கள் தேவைக்கு என் பதில்: வாரம் முழுக்க நகர நெரிசல், மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மூன்று டன் கேம்பர், போதாததற்கு மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டிய டெக்சஸ். இந்த மூன்றும் சேரும் இடத்துக்குப் பவர்பூஸ்ட் சரியாகப் பொருந்தும், 7.2 கிலோவாட் வசதியோடு எடுங்கள். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலைதான் என்றால் சாதாரண டர்போ போதும். ஓட்டும் சுகமும் நீண்ட பேட்டரி உத்தரவாதமும் முக்கியம், ஜெனரேட்டர் வேண்டாம் என்றால் டண்ட்ரா ஹைபிரிட்டைப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, அதன் நிலைச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். அந்தக் குறிப்பிட்ட வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும். ஹைபிரிட் பாகங்களின் எடை இங்கேதான் கழிகிறது. 2021 பவர்பூஸ்டின் அதிகபட்சம் 960 கிலோ, ஆனால் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று வசதிகள் நிறைந்த மாடலில் 700 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடலாம். கேம்பரின் முன்மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடை அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், உங்களுக்கு 375 கிலோ என்று வையுங்கள். நான்கு பேர் 300 கிலோ, சாமான் 50 கிலோ. 725 ஆகிவிட்டது. 5,700 கிலோ இழுக்கும் டிரக், மூன்று டன் கேம்பரிலேயே தன் சுமை எல்லையைத் தாண்டி நிற்கும். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். மாடல் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரில் குறைந்தது 800 கிலோவாவது இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.